வேனுக்குள் விரித்த பினாங்குக் கம்பளம்

அந்துருண்டை வாசனையும் சைக்கிள் கடை சொல்யூஷன் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா, ஃப்ரெண்ட்ஸ்? லேசாகத் தலை சுற்றும்… ஆனால் எனக்கு அதுதான் காலேஜ் வாசனை.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். கடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் ஒரு பழைய வேன் நின்றது. பண்ருட்டியில் லாரிப் பட்டறை வைத்திருந்த என் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மச்சான், பலாப்பழ வியாபாரி ஒருவர் கழித்துக் கட்டியதை ஓட்டி வந்திருந்தார். எத்தனை முறை கழுவினாலும் பலாச்சுளை மணம் போகவில்லை. மேலே முருங்கைப்பூ உதிர்ந்துகொண்டே இருக்கும்.

எனக்குச் சிதம்பரத்தில் கெமிஸ்ட்ரி படிக்க ஆசை. ஆசை என்ன, வெறி.

அத்தாவுக்கோ, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஹாஸ்டலும் பிடிக்காது, பஸ்ஸும் பிடிக்காது. "வயசுப் புள்ள… நடுவுல கிளாஸ் இல்லன்னா எங்க ஒக்காரும்? எங்க தொழும்?" என்பார்.

மச்சான்தான் ஒருநாள் சொன்னார். "வீட்டையே கூட அனுப்பிட்டா, மாமா?"

அப்படித்தான் வேன் வீடாக ஆரம்பித்தது. சுவரோரம் மடக்கு பெஞ்சு, ஜன்னலுக்குத் திரை, தண்ணிக் கூஜா ஆடாமல் நிற்க ஒரு வளையம்… எல்லாம் மச்சான் கைவேலை. தரைதான் தகராறு. தகரத் தரை. வெயிலில் தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

அத்தா உள்ளே போய், மலாயாவில் பினாங்கில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு வந்தபோது கொண்டுவந்த கம்பளத்தைத் தோளில் தூக்கி வந்தார். சிவப்புக் கம்பளம். தொழுகை விரிப்பில் இருக்குமே வளைவு, அதேபோல வரிசையாக வளைவுகள். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும்தான் அது வெளியே வரும்; மற்ற நாளெல்லாம் அந்துருண்டையோடு பெட்டிக்குள் கிடக்கும்.

"வெட்டக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

மச்சான் முதலில் கோணிச் சாக்கைப் பரப்பி, அதன்மேல் பலகை அடித்து, அப்புறம் கம்பளத்தை விரித்தார். சக்கரம் இருக்கும் இடத்தில் தரை மேடாகப் புடைத்திருக்கும். அங்கே மட்டும் வெட்டாமல் மடித்து, சொல்யூஷன் தடவி, நான் முழங்காலால் அழுத்திப் பிடிக்க, பழைய டியூபைத் துண்டு போட்டு ஆணிக்கு அடியில் வைத்து அடித்தார். பக்கச் சுவருக்கு அம்மாவின் பழைய ஜமுக்காளம்.

அடிக்கும் முன்னால் ஒரு பெரிய யோசனை வேறு. வளைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? தொழுவது மக்கா இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்து அல்லவா!

"செதம்பரம் நேர் தெக்க. அப்ப மேக்கு சோத்தாங்கைப் பக்கம்" என்று மச்சான் கணக்குப் போட்டு, வளைவெல்லாம் வலது பக்கம் பார்க்கும்படி அடித்துவிட்டார். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய இன்ஜினியராகத் தெரிந்தார்.

காலேஜைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று அத்தாவும் கிளம்பினார். புதுச்சத்திரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்போரம் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு நிறுத்தினோம். அத்தாவுக்கு முட்டிவலி, உட்கார்ந்துதான் தொழுவார். வளைவு கச்சிதமாக மேற்கே பார்த்தது. மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிதம்பரத்தில் அத்தா வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரே பையன்கள் கூட்டம். பெண்கள் அங்கங்கே ஒன்றிரண்டு. அவர் முகம் இறுகிவிட்டது. உடனே வண்டியை எடுக்கச் சொன்னார். முடிந்தது கதை, இனி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அதே சவுக்குத் தோப்பருகே அஸர் என்னும் சாயங்காலத் தொழுகைக்கு நிறுத்தினோம். அத்தா உள்ளே ஏறினார். அப்படியே நின்றுவிட்டார்.

வண்டி இப்போது வடக்கே பார்த்து நிற்கிறது. வளைவெல்லாம் கிழக்கே!

போவதையே நினைத்துக் கம்பளம் அடித்திருக்கிறோம். திரும்பி வருவோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா… வெளிய துண்ட விரிச்சுத் தர்றேன்" என்றார்.

"இம்மாம் பாடுபட்டு அடிச்சிட்டு துண்டுலயா தொழுவாங்க? வண்டியத் திருப்பு."

குறுகலான ரோடு. முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம்… மாட்டு வண்டிக்காரர் இறங்கி நின்று கை காட்டினார், ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே காத்திருந்தது. ஒரு வழியாக வேன் மறுபடி தெற்கே திரும்பியது. அத்தா நிதானமாகத் தொழுதார்.

முடித்தும் எழவில்லை. கம்பளத்தை உள்ளங்கையால் தடவியபடி வண்டியின் முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார். தோப்புக்குள் காற்று ஊதியது. திடீரென்று சிரித்துவிட்டார்.

"இது நேரா இருக்கணும்னா வண்டி செதம்பரத்தப் பாத்துல்ல நிக்கணும்!"

அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள… காலேஜ் என்னிக்குத் தொறக்குறாங்க?" என்றார்.

 மச்சான் முந்திக்கொண்டு தேதியைச் சொன்னார்.

படித்தேன். கிளாஸ் இல்லாத நேரமெல்லாம் அந்தக் கம்பளத்தில்தான் சாப்பாடு, தூக்கம், படிப்பு. திரை வழியே வரும் சிவப்பு வெளிச்சத்தில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக் கிடந்த மதியங்கள்… பிறகு எத்தனையோ நல்ல அறைகளில் இருந்துவிட்டேன், அந்தச் சுகம் கிடைக்கவில்லை.

இப்போது அதே ரோட்டில் பேத்தி கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். கிப்லா, அதாவது தொழ வேண்டிய திசை, எந்தப் பக்கம் என்று போனே காட்டிவிடுகிறது. அவள் படிக்கப் போவதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. வண்டியைத் திருப்பச் சொன்னபோதே அத்தா முடிவு செய்துவிட்டாரா, இல்லை திரும்பிய வண்டியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்த பிறகா? கேட்டிருக்கலாம். அவர் இருந்த வரைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.