எங்கள் வக்கீல் நீதிபதியானபோது

விருத்தாசலம் கோர்ட்டுக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீல் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். வாதாடும்போது குரலை உயர்த்த மாட்டார். எதிர்த்தரப்புச் சாட்சி திணறினால்கூட, அவசரமில்லை, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பார். அப்படியே உண்மையை வாங்கிவிடுகிறார் என்று மற்ற வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள்.

என் கணவர் ஒரு செராமிக் கம்பெனியில் கல் அரைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். வீடு திரும்பும்போது இமை முடிகூட வெள்ளையாக இருக்கும். கழுவினால் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தோம். நாற்பது வயதுக்குள் இருமல் பிடித்துக்கொண்டது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் கல் தூசி படிந்திருக்கிறது, இனி அது போகாது என்றார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. காசநோய்க்கு நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்டது.

வக்கீலே வழக்குப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். மனுதாரர் என்ற இடத்தில் என் கணவரின் பெயரை அடிக்கும்போது விரல் ஓடவில்லை. வக்கீல் ஒன்றும் கேட்காமல் மீதியைத் தன் கையாலேயே எழுதி, வெளியே அடித்துவரச் சொல்லி குமாஸ்தாவிடம் கொடுத்தார்.

அதே நோயில் படுத்திருந்த வேறு சில தொழிலாளிகளுக்கும் அவர்தான் வக்கீல். அவர் ஒரு கட்சி சார்பில் சட்டசபைத் தேர்தலில் நின்றபோது அந்த வீட்டுப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே அவருக்காக ஓட்டுக் கேட்டுப் போனார்கள். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் நானும் நடந்தேன். அவர் ஜெயித்தார்.

சட்டசபையில் ஒரே ஒரு முறை அந்தத் தூசியைப் பற்றிப் பேசினார். கட்சியில் பெரியவர்கள் கூப்பிட்டுக் கண்டித்ததாகச் சொன்னார்கள். கம்பெனி முதலாளிகள் சிலர் கட்சிக்கு வேண்டியவர்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எப்போதாவது ஆபீசுக்கு வந்தாலும் என் மேஜைப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விடுவார். எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. அப்படி வாயை மூடிக்கொண்டும் அடுத்த முறை அவருக்கு சீட் கிடைக்கவில்லை. கட்சியை விட்டு விலகி, ஆபீசை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு, ஹைகோர்ட்டில் வக்கீலாகச் சென்னைக்குப் போனார். சில வருடங்களில் அங்கேயே நீதிபதியானார். செய்தி வந்த அன்று என் கணவர் மூச்சு வாங்க நடந்துபோய் லட்டு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார்.

இதற்குள் கீழ்க்கோர்ட்டில் எங்கள் பக்கம் உத்தரவு ஆகியிருந்தது. கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. அந்த அப்பீல் அவருடைய கோர்ட்டிலேயே விசாரணைக்கு வந்தது. நம்மவர் இந்த வழக்கை விசாரிக்க மாட்டார், வேறு ஜட்ஜுக்கு அனுப்பிவிடுவார் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். என் கணவர் கேட்கவில்லை. "அவரு உக்காந்திருக்கறத ஒருதபா பாத்துட்டாவது வந்துடறேன்" என்றார். ரயிலேறிப் போனோம்.

கோர்ட் ஹாலில் பின் வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் என் கணவர் எழுந்து நின்றார். நீதிபதி வழக்குக் கட்டைப் பிரித்தார். குனிந்த தலை நிமிரவில்லை. முன்பு இந்த வழக்கில் தான் ஆஜரானதால் வேறு நீதிபதி முன் வைக்கவும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அடுத்த கட்டை எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டும்வரை என் கணவர் இருமிக்கொண்டே வந்தார். பிறகு, "அவருக்கு என்னை அடையாளம் தெரியல, இல்ல?" என்று கேட்டார்.

"தெரிஞ்சதுனாலதாங்க அனுப்பிட்டாரு. அதான் சட்டம்."

"சட்டம் சரி. ஒருதபா நிமிந்து பாக்கக் கூடாதுன்னுமா சட்டம் இருக்குது?"

 அதன்பிறகு அவர் வக்கீலைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த ஆடியில் இறந்துபோனார். வேறொரு நீதிபதி எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது இரண்டாம் வருடத் திதியும் முடிந்திருந்தது. கல் தூசியால் வந்த நோய்தான் என்று அதில் எழுதியிருந்ததை நான் மூன்று முறை படித்தேன்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் வக்கீல் தனியாக என் வீட்டுக்கு வந்தார். உடம்பு இளைத்திருந்தது. என் கணவரின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அன்று ஹைகோர்ட்டிலிருந்து ஊர் திரும்பும்போது என் கணவர் என்ன சொன்னார் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் வேலை பார்த்தவளுக்கு அது வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்பர் கூப்பிடறதுக்கு முன்னாடியே அந்த இருமல் கேட்டுச்சும்மா. நிமிந்து பாத்தா என்னால அங்க உக்காந்திருக்க முடியாது. அதான் பாக்கல." பிறகு, "சட்டசபையில அவங்க கண்டிச்சதுக்கு அப்புறமும் வாயத் தொறந்திருக்கணும். அங்க என்னைத் தடுக்கற சட்டம் எதுவும் இல்ல" என்றார்.

நான் டீ போட எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அழுதார். என்னால் அவரை மன்னிக்கவும் முடியவில்லை, கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன பங்குனியில் அவர் இறந்தார். பஸ்ஸில் சேத்தியாத்தோப்புக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். வாசலில் கட்டியிருந்த பேனரில் அவர் வகித்த பதவிகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். வக்கீல் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.