எண்ணெய் போடாத சாவி

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய இரும்புச் சாவி கிடக்கிறது. பூட்டுச் சாவி அல்ல; ஆக்ஸிஜன் சிலிண்டரின் தலையைத் திருகித் திறக்கிற சாவி. விரல் நீளம்தான் இருக்கும். கைப்பிடியில் கட்டிய சிவப்புக் கயிறு வெளுத்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெல்டர் பாயின் ஞாபகம் வரும், கூடவே வயிற்றெரிச்சலும் வரும். இத்தனை வருஷம் கழித்துமா என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறது.

எழுபதுகளின் கடைசி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டம் மலையேறும் முன் அடிவாரத்துக் குளத்தில் முழுகும். யாராவது ஒருவர் படி வழுக்கி ஆழத்துக்குப் போய்விடுவார். அதனால் அந்த வருஷம் ஊரில் எட்டுப் பேரைத் தொண்டர்களாகச் சேர்த்தார்கள். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் மதராஸிலிருந்து வந்து ஒரு வாரம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி மூழ்குகிறவன் பயத்தில் மூச்சைப் பிடித்தபடி சட்டென்று மேலே வந்தால் நுரையீரல் ஊதிக் கிழிந்துவிடும், அவனுக்கு உடனே கொடுக்க வேண்டியது ஆக்ஸிஜன் என்றார். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், முகமூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும், வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு வரிகூட விடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் எதையும் எழுதவில்லை. அரக்கோணம் ரோட்டில் வெல்டிங் ஷெட் வைத்திருந்தவர். நாள் முழுக்க சிலிண்டரோடு புழங்குகிறவர். சார் சொல்லி முடிப்பதற்குள் ரெகுலேட்டரைப் பொருத்தி, வால்வைத் திறந்து, முகமூடியைத் தன் கன்னத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிடுவார். எனக்கோ மரை ஏறாது. வேர்த்த கை வழுக்கும். பின்னால் யாராவது சிரிப்பார்கள். அவர் கையைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதிப் பாடம் காதில் ஏறவில்லை. இரண்டாம் நாளே சார் சாவியை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். என் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. போதாக்குறைக்கு அவர் என்னைப் 'பாவா' என்று கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் அது மரியாதைச் சொல்; எங்கள் வீட்டுத் தெலுங்கிலோ அக்கா புருஷனைக் கூப்பிடுகிற சொல். யார் யாருக்குப் பாவா என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு சார் சொன்னார்: "நாளைக்கு காலைல இன்னொரு தடவ பாக்கறேன். யாரு கை வேகமோ, திருவிழாவுல சாவி அவருக்குத்தான்."

ஆக்ஸிஜன் சிலிண்டர் குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தறிக்கொட்டகையில்தான் இருந்தது. நெசவுக்காரன் வீட்டில் எது இறுகினாலும் ஒரே வைத்தியம்: ஒரு சொட்டு எண்ணெய். சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்து, சிலிண்டர் மரையிலும் ரெகுலேட்டர் மரையிலும் நன்றாக விட்டேன். விரலால் திருகிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. நாளைக்குப் பாய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, தேர்வுக்கு முன்னால், குளத்தின் அடியில் உடைந்த கல் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க சாரோடு வந்த இளைஞர் காற்றுச் சிலிண்டரோடு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தார். இருமினார். உதட்டில் சிவப்பு நுரை.

"படுக்க வைங்க, உக்கார வைக்காதீங்க, ஆக்ஸிஜன் கொடுங்க" என்று சார் கத்தினார். நான்தான் முதலில் ஓடினேன். ரெகுலேட்டரை ஒரே திருகில் ஏற்றிவிட்டு, பாயிடம் சாவிக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. மண்டியிட்டுச் சிலிண்டர் கழுத்தில் மூக்கை வைத்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார்.

"இது வேணாங்க சார். வால்வு மாட்டிக்கினு இருக்குது. ஷெட்ல வேற ஒண்ணு கீது."

சைக்கிளில் பறந்தார். போய் வர எவ்வளவு நேரம் ஆனதோ, அந்த இளைஞரின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கேரியரில் வேறு ரெகுலேட்டரோடு கட்டி வந்த சிலிண்டரைப் பாய் திறந்தார். முகமூடி வைத்துக் கொஞ்ச நேரத்தில் உதடு தெளிந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் பாய் கொட்டகைக்கு வந்தார்.

"பாவா, எண்ணெயும் அந்த காத்தும் சேர்ந்தா வெடிச்சிடும். நீங்க, நானு, அந்தப் புள்ள, யாரும் மிஞ்சி இருக்க மாட்டோம். சார் மொத நாளே சொன்னாரே, காதுல உழலயா?"

"ஆங், உழல" என்றேன்.

"சிலிண்டர கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டேன். யாருகிட்டயும் சொல்லல." கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சிக்குங்க. நான்கூட என்னிக்காவது மறந்துடுவேன். நீங்க இனிமே மறக்க மாட்டீங்க."

சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். வேலையில்தான் என்னை ஜெயித்தார் என்றிருந்தேன். மனசிலும் ஜெயித்துவிட்டுப் போகிறாரே என்று ஆத்திரமாக இருந்தது. அப்புறம் பல திருவிழாக்களுக்குச் சிலிண்டர் பக்கத்தில் நான்தான் நின்றேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. பாய் கூட்டத்தில் ஒருவராக நின்று கை தட்டினார். கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் திருவிழாவுக்குக் குளக்கரையில் ஆம்புலன்ஸே வந்து நிற்கிறது. பாய் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. சாவி முழுக்கத் துரு ஏறிவிட்டது. போன வாரம் என் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு எண்ணெய் உட்டா போயிடும் மாமா, குடுங்க" என்றாள். அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி இழுப்பறையில் போட்டு மூடினேன். சாவிக்குப் போய் இவ்வளவு கோபமா என்று அவள் விழித்தாள்.