அப்பா முங்கிப் படித்த எட்டாம் வகுப்பு

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் என் அப்பா எட்டாம் வகுப்பு படித்தார். ஒரே வீட்டில் என்னைவிடப் பெரிய வகுப்பில் இன்னொருவர் இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதிலும் அந்த இன்னொருவருக்குப் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றிவிடும் என்பதை வெளியில் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வகுப்பில் எப்போதும் முதல் ராங்க் வாங்குகிற பிள்ளை நான். அப்பாவால் என் பெயர் கெட்டுப்போகும் என்ற கவலைதான் முதலில் இருந்தது. மற்ற கவலை பிறகு வந்தது.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற சங்குகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். அந்த வருஷம் அவருக்கு வலது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. காலையில் பார்த்தால் தலையணை முழுக்க ரத்தம். பெரியாஸ்பத்திரி டாக்டர் இனிமேல் முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முங்கினால் மற்றக் காதும் போய்விடும், உள்ளே மயக்கம் வந்தால் ஆளே மேலே வரமாட்டார் என்றார். அப்போது புதுத் துறைமுகத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத் தகப்பனாக நின்றவர் அங்கே மேஸ்திரி. குடோன் காவலுக்குச் சேர்த்துவிடுகிறேன், ஆனால் எட்டாம் வகுப்பு பாஸ் சர்டிபிகேட் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. தனித்தேர்வு எழுதி பாஸானால் காவல் வேலை, இல்லையென்றால் மழைக்காலம் கழிந்ததும் மறுபடியும் கடல். இதையெல்லாம் யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அம்மா செபமாலை முடிவில் அப்பாவின் காதையும் பரீட்சையையும் சேர்த்து மாதாவிடம் ஒப்படைப்பதைக் கேட்டு நானாகவே தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. பகலில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் டீச்சரேதான் அவர்களுக்கும் எடுத்தார். முதல் நாள் பதினெட்டு பேர் வந்தார்கள். உப்பளத்துக்காரர்கள், ஐஸ் கம்பெனி ஆட்கள், கைக்குழந்தையோடு ஒரு அக்கா, கடைத்தெருவில் டீ ஆற்றும் அண்ணாச்சி என்று எல்லாரும் எங்கள் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குத் துணையாக என்னை அனுப்பினார் அம்மா. ஆறடி ஆளுக்குப் பதினோரு வயதுப் பெண் என்ன துணை? பாதி வழியில் அவர் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

இரண்டாவது வாரத்திலேயே பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. ஒருவர் தன் பெயரைக் கூப்பிட்டாலே வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போய் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கூப்பிட்டார். கூப்பிட்டால் வருவார்கள், இரண்டு நாளில் நின்றுவிடுவார்கள்.

அப்பாவின் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. எழுந்து நின்று வாசித்தார். நான்காவது வரியில் குரல் தேய்ந்தது. ஆறாவது வரியில் முகம் கறுத்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பிறகு புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“எனக்கு ஏறாதுளா. மண்டைக்குள்ள இருட்டிக்கிட்டு வருது. நான் கடலுக்கே போயிருதேன்” என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா கழுவின மீனையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாவின் மேல் கோபமாகவும், அவர் கடலுக்குள் மயங்கிக் கிடப்பதுபோல பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

மறுநாள் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா கடலடியில் இருக்கும் நேரமெல்லாம் மேலே வள்ளத்தில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவர் அவர்தான். அப்பா கீழேயிருந்து கயிற்றை அசைத்தால் மாமா இழுத்து மேலே கொண்டுவருவார். எங்கள் கரையில் அந்தக் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துச் சண்டையில் ஒரு நிமிஷம் அசந்து நிற்கலாம், அக்காவின் தாலி அறுபடும்படி எந்தத் தம்பியும் அசந்து நிற்கமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. மற்றபடி மாமாவுக்கும் படிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஓட்டுப் போட மட்டும்தான்.

அவர் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அத்தான் வாசிக்கும்போது என்னதான் செய்யுதாரு? நீ பாத்தியா?”

“மூச்சே விடமாட்டேங்காரு மாமா. தொடங்கும்போது பெருசா ஒண்ணு இழுக்காரு. பொறவு மறு மூச்சு எடுக்கவே இல்ல. நான் எண்ணிப் பாத்தேன், எழுபது வரைக்கும் போச்சு.”

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“முங்குதாரு மக்கா. உள்ள போயி எழுத்தையெல்லாம் பொறுக்கிட்டு வந்துரலாம்னு முங்குதாரு. கயிறு பிடிக்க ஆளில்லன்னா அவரு எப்படி மேல வருவாரு?”

திங்கட்கிழமை அவர் அப்பாவை இழுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். அப்பாவின் அரைஞாண் கயிற்றில் ஒரு தூண்டில் நூலைக் கட்டி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே விட்டு, மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்தார். உள்ளே அப்பா வாசிக்கத் தொடங்கியதும் வெளியே மாமா எண்ணத் தொடங்குவார். முப்பது ஆனதும் ஒரு சுண்டு. அப்பா உஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டு, புதிதாக ஒன்று இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார். கடலில் கீழே இருப்பவர் கயிற்றை அசைப்பார், மேலே இருப்பவர் தூக்குவார். இங்கே கயிறு பிடித்தவர் சுண்ட, முங்கினவர் மூச்சு விட, எல்லாம் தலைகீழாக நடந்தது.

என் மானம் அன்றோடு போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் நூலைப் பார்த்துவிட்டார். நூல் போன வழியே ஜன்னல் வரைக்கும் நடந்து, எட்டி மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து நின்று கும்பிட்டார், நூல் விரலிலேயே இருந்தது. டீச்சர் திரும்பி வந்து அப்பாவிடம், “வலிக்காம கட்டியிருக்கீங்களா? சரி, அடுத்த வரி வாசிங்க” என்றார்.

முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த ‘உஸ்’ கேட்கும்போதெல்லாம் டீ ஆற்றும் அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஆனால் சிரிக்கும்போது அவர்களும் மூச்சு விட்டார்கள் போலிருக்கிறது. சில நாள் கழித்து, அப்பா உஸ்ஸென்றால் அண்ணாச்சியும் உஸ் என்றார், கைக்குழந்தை அக்காவும் தோளை இறக்கிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். டீச்சரும் அதைப் பிடித்துக்கொண்டார். கணக்கு கஷ்டமாகப் போகும்போது ஜன்னலைப் பார்த்து, “தம்பி, ஒரு தடவை சுண்டுங்க” என்பார். தண்ணீர் குடிக்கப் போன ஆள்கூடத் திரும்பி வந்துவிட்டார். கடைசிவரை பதினோரு பேர் நின்றார்கள். அடிக்கிற மழையிலும் கொசுக்கடியிலும் மாமா ஒருநாளும் வராமல் இருக்கவில்லை.

எனக்குக் கவலை தீர்ந்தபாடில்லை. பரீட்சை ஹாலுக்குள் நூல் விடமாட்டார்களே? இதை மாமாவிடம் கேட்டால், பார்த்துக்கொள்ளலாம் என்பார். எதைப் பார்த்துக்கொள்வது? நான் பரீட்சை நாளை எண்ணிக்கொண்டே வந்தேன். கனவில்கூட எண்ணினேன்.

பரீட்சை ஊருக்குள் வேறொரு பள்ளிக்கூடத்தில். மாமா சைக்கிளில் அப்பாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவின் சட்டை முதுகு நனைந்திருந்தது. உள்ளே போகும்போது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வள்ளத்திலிருந்து கடலுக்குள் இறங்கும்போதுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

பள்ளிக்கூட கேட் மூடியதும் மாமா சைக்கிளைச் சுற்றுச்சுவர் ஓரமாக நிறுத்தினார். உதட்டை அசைத்து எண்ணி, முப்பது ஆனதும் மணியை ஒருமுறை அடித்தார். அதுதான் அவர் பார்த்து வைத்திருந்த வழி. வாட்ச்மேன் வந்து விரட்டினார். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த பக்கத்துச் சுவருக்குப் போய் அங்கிருந்து அடித்தார். அங்கேயும் விரட்டினார்கள். இரண்டரை மணி நேரம் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

எனக்குத்தான் திடீரென்று அந்த நினைப்பு வந்தது. அப்பாவுக்கு வலது காது கேட்காது. அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்? வலது பக்கம் ஜன்னல் இருந்தால் மணி எப்படிக் கேட்கும்? முகம் கறுத்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எழுதாத தாளை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டால்? மாமாவிடம் சொன்னேன். அவருக்கும் முகம் மாறியது. அவர் மணியை இன்னும் அழுத்தி அடித்தார். நான் கேட்டையே பார்த்துக்கொண்டு, யாராவது அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவருகிறார்களா என்று நின்றேன்.

கடைசி பெல் அடித்தது. கும்பலோடு கும்பலாக அப்பா நடந்தே வந்தார். விரலெல்லாம் மை.

“மணி கேட்டுச்சாப்பா?” என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“எந்த மணி?” என்றார் அப்பா.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நூலும் இல்லாமல், மணியும் இல்லாமல், தானாகவே மூச்சு விட்டு, தானாகவே மூச்சு இழுத்து எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கிறார். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன். மாமா துண்டால் மணியின் மூடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “நல்லதாப் போச்சு அத்தான்” என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு நேரம் அடித்தது வீணாய்ப் போயிற்றே என்று வருத்தப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

மற்றப் பரீட்சைகளுக்கு அப்பா தனியாகவே போய் வந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரிசல்ட் வந்தது, பாஸ். துறைமுகத்தில் காக்கிச் சட்டையும் தோல் சப்பாத்தும் கொடுத்தார்கள். அப்பாவின் கால் சப்பாத்துக்குள் போவதற்கு அரை மணி நேரம் ஆனது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

மழை முடிந்து, சங்கு குளிக்க வள்ளங்கள் புறப்பட்ட காலையில் மாமா கரையில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வள்ளமாகத் தள்ளிவிடக் கை கொடுத்தார். எதிலும் ஏறவில்லை. நான் பக்கத்தில் போய், “இனிமே நீங்க வெயில்ல நின்னு கயிறு பிடிக்க வேண்டாம், இல்லையா மாமா? உங்களுக்கும் லீவுதான்” என்றேன்.

“ஆமா மக்கா. லீவுதான்” என்றார்.

அம்மா அவருக்கு ஒரே அக்கா. மற்ற வள்ளங்களின் கயிறுகளுக்கெல்லாம் அவரவர் மச்சினன்மார் இருந்தார்கள். அந்த மாதமே அவர் உப்பளத்தில் மூட்டை தூக்கப் போனார், கடைசிவரை அதையே செய்தார். தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து முப்பது முப்பதாக அவர் எண்ணியது எதை முடித்துவைக்க என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது எனக்கு மட்டும்தான். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடிவந்து, மாமாவுக்கு இனிமேல் லீவாம் என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா பாஸான சந்தோஷம் அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.