எஷ்ரத் கதவைப் பூட்டிய காலை

கர்கஸ் மலைச் சரிவில் இருந்த அந்த ஊரில் கியூமர்ஸைப் போல வெல்டிங் செய்ய ஆள் கிடையாது. அவன் அக்கா எஷ்ரத் இதைச் சொல்ல யாரிடமும் தயங்கியதில்லை. அம்மா இறந்தபின் ஆறு வயதிலிருந்து அவனை வளர்த்தவள் அவள். அவன் பற்றவைத்த குழாயில் விரலால் தடவினாலும் இணைப்பு தட்டுப்படாது என்பாள். அந்தக் கைக்காகத்தான், கீழே பாலைவனத்தில் மண்ணுக்கடியில் இருந்த அணு நிலையத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களுக்கு வாயு கொண்டுபோகும் குழாய்கள் அவன் பொறுப்பு.

சில வருடங்களிலேயே அவனுக்கு அது கசந்துவிட்டது. மேலதிகாரியோடு ஓயாத சண்டை. கல்யாண வீட்டில்கூட என்ன வேலை என்று வாய்திறக்க முடியாது. ஒரு குளிர்காலம் முழுக்க எஷ்ரத் மெல்ல மெல்லப் பேசினாள். காஷான் நகரத்து டைல்ஸ் தொழிற்சாலையில் சூளையைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். மேலாளரின் மனைவியைப் பிடித்து அந்த வேலையைப் பேசி முடித்தவளும் அவள்தான். கோடையில் விலகிவிடுவதாக அவனும் ஒப்புக்கொண்டான்.

விலகுவதற்குள் எதிரி விமானங்கள் வந்து நிலையத்தின்மேல் குண்டு போட்டன. அன்று அவனுக்கு விடுமுறை. கூட வேலை பார்த்த இருவர் இறந்துபோனார்கள். எஷ்ரத் அழுதாள். இதோடு அந்த வேலை ஒழிந்தது என்று உள்ளுக்குள் நிம்மதியும் பட்டாள்.

ஒழியவில்லை. துக்க வீட்டில், துக்கத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் அல்வாத் தட்டோடு, அதே மேலதிகாரி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை ஒரு மலைக்கடியில் புது நிலையம் தோண்டுகிறார்கள், வருகிறாயா என்று கேட்டார். கியூமர்ஸ் சரி என்றான்.

கிளம்பும் காலையில் எஷ்ரத் அவன் பயணப் பையை மறித்து நின்றாள்.

"விலகறேன்னு நீதானடா சொன்னே?"

"அது அப்பக்கா. இப்ப விலகினா பயந்து ஓடினவன்னு பேராயிடும்."

"குளிர்காலம் பூரா பேசிப் பேசி உன்ன வழிக்குக் கொண்டாந்தேன். வந்து குண்டப் போட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டானுங்க, பாவிங்க!"

அவள் கணவர் யதுல்லா சிரித்தார். "கட்டடத்த உடைச்சுட்டான். உன் தம்பி மண்டைய உடைக்கிற குண்டு இன்னும் எவனும் செய்யல."

கியூமர்ஸ் பையைத் தூக்கினான். எஷ்ரத் தும்மினாள். ஒற்றைத் தும்மல் கேட்டால் சற்று நேரம் பொறுத்துத்தான் கிளம்ப வேண்டும். அதை மீறி அந்த ஊரில் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள்.

"பொய்த் தும்மல்க்கா அது."

"உனக்கெப்படிரா தெரியும்?"

ஆனாலும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தான். தேநீர் கேட்டான். டைல்ஸ் தொழிற்சாலையில் என்ன மாதிரி சூளை என்றுகூடக் கேட்டான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது யதுல்லா தும்மித் தொலைத்தார். இரண்டாவது தும்மல் முதல் தும்மலை ரத்து செய்துவிடும்.

"மூக்கப் பொத்திக்கக் கூடாதா நீங்க?" என்று கத்திக்கொண்டே எஷ்ரத் ஓடிப்போய்த் தெருக்கதவைப் பூட்டினாள். சாவியை முக்காட்டின் முனையில் முடிந்துகொண்டாள். "இப்ப போடா, பாக்கலாம்."

அதுவரை அவன் முகத்தில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. பூட்டிய சத்தம் கேட்டதும் அது போய்விட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

அந்தச் சரிவில் கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டின் முற்றம். தெருவில் கால் வைக்காமலே ஊர் எல்லைவரை போகலாம். கதவைப் பூட்டியவளுக்குக் கோபத்தில் அது மறந்துவிட்டது.

மேல் வீட்டுக் காவர் அம்மாளின் குரல் வந்தது. "ஏ எஷ்ரத்! காயப்போட்ட என் ஆப்ரிகாட்ட மிதிச்சுக்கிட்டுப் போறான்டி உன் தம்பி!"

யதுல்லா ஏதோ சொல்ல வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

எஷ்ரத் மேலாளரின் மனைவிக்குப் போன் செய்து, அந்த வேலைக்கு இப்போதைக்கு வேறு ஆள் போட வேண்டாம் என்று கெஞ்சினாள். தம்பியை அழைக்கச் சில நாள் பொறுத்தாள். அழைத்தபோது வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வெள்ளிக்கிழமை கீரையும் பயறும் போட்டு கஞ்சி வைக்கிறேன். வர்றியா?"

"கதவு?"

"தெறந்துதான்டா கெடக்கும்."

 "எங்க மேலதிகாரி இங்கேயும் அதே கழுதைதான்க்கா," என்றான்.

எஷ்ரத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு," என்றாள். "என்ன பண்ணினான்?"