ஊமை மரபணுவுக்கு மூன்று சாட்சிகள்

இளையவள் அக்கா மகளுடைய நோயின் வேரையே பிடித்துவிட்டாளாம், மருந்துகூடத் தயாராம். இந்தச் செய்தியை அவளுக்கே போனில் சொன்னவர் அத்தை. அத்தைக்குச் சொன்னது, பல் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா.

"இன்னும் ஒண்ணும் முடியலை அத்தை."

"போடி, உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தன்னடக்கம்!"

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்காவிடம் சொன்னது ஒரே வரி: "ஒரு பிடி கிடைச்சிருக்குக்கா." எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற குடும்பம். பிடி வேராகி, வேர் மருந்தாகிவிட்டது.

பதினோரு வருடமாக அவள் வேலையே இதுதான். என்ன செய்கிறதென்று தெரியாத மரபணு ஒன்றை எடுத்துக்கொள்வாள். அது எந்த மரபணுக்களோடு சேர்ந்து விழிக்கிறது, அதன் புரதம் எதனோடு ஒட்டுகிறது, எலியிலும் ஈஸ்ட்டிலும் அதன் சாயலில் எந்த மரபணு இருக்கிறது, மற்றத் தரவுத்தளங்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கின்றன என்று நாலு பக்கமும் விசாரிப்பாள். எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து, வேலை இதுவாக இருக்கும் என்று ஊகிப்பாள். புதிதாகக் குடிவந்தவன் யாரோடு பேசுகிறான், எத்தனை மணிக்கு விளக்கு அணைக்கிறான் என்பதை வைத்தே அவன் உத்தியோகத்தைத் தெரு கண்டுபிடித்துவிடுவதில்லையா, அந்த மாதிரி.

அக்கா மகளின் உடம்பில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு எண் மட்டுமே உண்டு. ஆய்வகத்தில் அதை 'ஊமை' என்பார்கள். சிறுமிக்கு ஒன்பது வயது. போன வருடம் வீட்டின் பன்னிரண்டு படிகளையும் ஓடி இறங்கினாள்; இப்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள்.

ஊமை, செல்லுக்குள் இரும்பை ஏற்றி இறக்குகிறது என்றது கணினி. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு நிச்சயம். மூன்று தரவுத்தளங்கள் சாட்சி. அது உண்மையென்றால், வேறொரு நோய்க்குக் கொடுக்கிற மருந்தையே சிறுமிக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.

"உங்க கணினி வாயாடி. என் எலிங்க இன்னும் வாயே திறக்கலை," என்றார் பக்கத்து அறை எலிக்காரர். ஊகங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. "ஆறு மாசம் பொறுங்கம்மா."

ஆறு மாதத்தில் இன்னும் எத்தனை படி போகுமோ.

புதன்கிழமை டாக்டரிடம் காட்ட ஒரு தாள் வேண்டும் என்றாள் அக்கா. அன்று காலை அதை எழுத உட்கார்ந்த இளையவள், மூன்று சாட்சிகளின் மூலத்தைத் தேடினாள். மூன்றாவது தளம் இரண்டாவதைப் பார்த்து எழுதியிருந்தது. இரண்டாவது, முதலாவதை. முதலாவது, ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டியலை. திறந்தாள். பட்டியலைப் போட்டவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது அரைகுறைத் தரவில் செய்த ஊகம். 'சோதிக்கப்படவில்லை' என்று பக்கத்திலேயே குறித்திருந்தாள். கைமாறியதில் அந்தச் சொல் எங்கோ உதிர்ந்துபோயிருந்தது. அத்தையைக் குறைசொல்ல இனி அவளுக்கு என்ன யோக்கியதை?

மூன்றையும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். நூற்றுக்கு முப்பத்தொன்று.

எலிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, முகம் செத்துக் கிடக்கு?"

"மூணு சாட்சியும் நான்தான் சார்."

அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

போனில் அக்காவின் செய்தி வந்தது: 'டாக்டர் ரூம் வாசல்ல இருக்கோம். அடுத்தது நாங்கதான். தாளை அனுப்புடி. சித்தி மருந்து வரப்போகுதுன்னு இவ இன்னைக்கு என் கையைப் பிடிக்காம நடந்து வந்தா.'

பிறகு மணி அடித்தது. திரையில் அக்கா. இளையவள் விரலை நீட்டினாள், பாதியிலேயே மடக்கிக்கொண்டாள். சொல்ல வேண்டிய முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.