பூடத்துக்கு முன்னால் எஸ்தரக்கா கேட்டது

என் அண்ணன் கொலை வழக்கு மறுபடியும் தள்ளிப்போன நாளில்தான் செய்தி வந்தது. தூத்துக்குடி நீதிமன்ற வாசலில் அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு போனைப் பார்த்தால், நம் கல்லூரித் துறையின் வாட்ஸ்அப் குழுவில் எஸ்தரக்காவின் படம் இருந்தது. பணிநிறைவு விழாவில் எடுத்த படம். கீழே எழுதியிருந்ததைப் படிக்கும் முன்பே விஷயம் புரிந்துவிட்டது.

"டீச்சரா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனக்கு முந்தியா போணும் அவுக" என்று சொல்லி, குடிக்காத இளநீரை என்னிடமே நீட்டினார். இரண்டு பேருக்கும் அழத் தெம்பில்லை. பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. திருச்செந்தூர் பக்கத்து நாசரேத்துக்காரர். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். ஆனால் ஆயுசில் பாதியை, அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்து அப்புறம் சாமியானவர்களின் கதைகளைத் தேடி ஊர் ஊராக அலைவதில் கழித்தார். "கொன்னவன் எதுக்குளா செத்தவனக் கும்பிடுதான்?" என்று கேட்பார். நாம் யோசிப்பதற்குள் அவரே, "பயந்துதான். வேற என்ன?" என்று முடித்துவிடுவார்.

ஒரு முறை சூரசம்ஹாரம் பார்க்க இருவரும் திருச்செந்தூர் போயிருந்தோம். கடற்கரை கொள்ளாத கூட்டம். யானைமுகம் விழுந்து, சிங்கமுகம் வந்து, அதுவும் விழுந்து, கடைசியில் சூரன் தன் முகத்தோடு வந்து நின்றான்.

"ஏளா, வருசா வருசம் கொல்லுதாக. மறு வருசம் புதுப் பெயிண்ட் அடிச்சு வந்து நிக்கான். ஒங்க முருகனுக்குச் சடவா, அலுப்பா இருக்காதா?"

"ஒங்க சாத்தான் மட்டும் செத்தா போனான்?"

"நாங்க கஞ்சப்பயலுவ. ஒரே ஆள வச்சே ஓட்டுதோம்."

பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர், "சூரன் மொத்தமா செத்துட்டா நான் எங்கன போய் விக்க?" என்றார். எஸ்தரக்கா அவரிடம் இரண்டு பொட்டலம் வாங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் பேச்சு தொடர்ந்தது. சூரனை முற்றாக அழிக்காமல் மயிலாகவும் சேவலாகவும் கூடவே வைத்துக்கொண்டது ஏன் என்று கேட்டேன். "அழிக்க முடியாதுன்னு தெரிஞ்சவங்க கட்டின கதை. தெம்புல கட்டல, சடவுல கட்டினது" என்றார். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அண்ணனை வெட்டியவன் எங்கள் சித்தப்பா மகன். எங்கள் பனைவிளைத் தோப்பின் எல்லைக்கல்லை யார் நகர்த்தினார்கள் என்கிற தகராறு. கண்ணால் பார்த்தது அம்மா ஒருவர்தான். சில மாதங்களில் சித்தப்பா வீட்டுப் பேரக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அண்ணன் ஆவி அடங்கவில்லை என்று ஊரில் பேச்சாயிற்று. அப்படிச் செத்தவனுக்குப் பூடம் போட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சுண்ணாம்பு அடித்த ஒரு சிறு மேடை, அவ்வளவுதான். நான் வேண்டாம் என்றேன். "அவன் எங்கயாவது இருக்கணுமில்லாளா" என்றார் அம்மா. பூடம் போட்டோம்.

பூடத்துக்கு எடுத்த முதல் கொடை விழாவுக்கு எஸ்தரக்காவும் வந்திருந்தார். வெட்டியவனின் அம்மா, எங்கள் சித்தி, பொங்கல் பானையோடு வந்து நின்றார். வழக்கத்தில் அதற்கும் இடமுண்டு. கொன்றவன் வீட்டார் படைக்க வேண்டும். செத்தவன் வீட்டார் அந்தச் சோற்றில் ஒரு வாய் உண்ண வேண்டும். உண்டால் பகை தீர்ந்தது. பகை தீர்ந்த பிறகு அம்மா சாட்சி சொல்லப் போகக் கூடாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அக்கா, ஒரு வாய் தின்னுரு. சின்னப்பிள்ள கெடந்து துடிக்கத என்னால பாக்க முடியல" என்று சித்தி அழுதார். அது நடிப்பில்லை.

என் மாமா, "சாமியே ஏத்துக்கிடும்போது நமக்கென்ன? டீச்சருக்குத் தெரியாததா? சொல்லுங்க டீச்சர், கதையில எல்லாம் எப்படி?" என்றார்.

"நான் கேட்ட கதை எல்லாத்துலயும் சாமி வாங்கிக்கிடுது அண்ணாச்சி. வாங்கிக்கிட்டு அடங்கிருது."

மாமா முகம் தெளிந்தது. எனக்கு எஸ்தரக்கா மேல் கோபம் வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேட்டதா எந்தக் கதையிலயும் இல்ல. வில்லுப்பாட்டு முடியும்போது பாத்தா அவளக் காணவே காணோம்." அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒங்களுக்கு முடிஞ்சுதா?"

"முடியல டீச்சர்" என்றார் அம்மா. பிறகு சித்தியிடம், "நீ அவனுக்குப் படை. பிள்ள நல்லாருக்கட்டும்னு நானும் கும்பிட்டுக்கிடுதேன். சோறு மட்டும் நான் திங்க மாட்டேன்."

"நல்ல கொடையக் கெடுத்துட்டீயளே டீச்சர்" என்று மாமா சலித்துக்கொண்டார்.

"கெடுத்தது நான் இல்ல அண்ணாச்சி. அருவா."

அன்று அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். "கதையெல்லாம் ஊரு தூங்கணும்னு கட்டினதுளா. பெத்தவ தூங்குனாளான்னு அதுக்குக் கவலை இல்ல. இத்தன வருசமா எனக்கும் கவலை இல்ல பாத்துக்க" என்றார். அவ்வளவு களைத்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா சாட்சிக் கூண்டில் ஏறிய நாளில், புற்றுநோய்ச் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிய தலையைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு எஸ்தரக்காவும் வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், "உங்க மகனைத்தான் சாமியாக்கிக் கும்பிடுறீங்களே, தண்டனைய அவரே குடுக்க மாட்டாரா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அம்மா வக்கீலைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்து, "அவன் குடுக்கத அவன் குடுப்பான் ஐயா. நீங்க குடுக்கத நீங்க குடுங்க" என்றார். கடைசி பெஞ்சில் எஸ்தரக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

நாசரேத்தில் அடக்கத்துக்கு அம்மாவும் வந்தார். எஸ்தரக்காவின் தங்கையை யாரும் அழ விடவில்லை. ஆண்டவரிடம் போய்விட்டார், அழக் கூடாது என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். அம்மா நேரே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ அழும்மா. நான் இங்கனதான் இருக்கேன்" என்றார். தங்கை அப்போதுதான் அழுதார்.

தீமை ஏன் வருகிறது என்பதற்கு எஸ்தரக்காவிடம் பதில் இருந்ததில்லை. என்னிடமும் இல்லை. சித்தியின் பேரனுக்கு இன்னும் வலிப்பு வருகிறது. வழக்கும் முடியவில்லை. எல்லாம் ஆறிவிட்டது என்று ஊர் கலைந்துபோகும் நேரத்தில், ஆறாத ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடும் பழக்கம் மட்டும் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. சுமையான பழக்கம்தான். விட மனமில்லை.

திங்கட்கிழமை அடுத்த வாய்தா. அம்மா சேலை எடுத்து வைத்துவிட்டார்.