ஆறாவது துணித்துண்டு

2009 டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் அப்போது புதுச்சேரி மூலக்குளத்தில் குடியிருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர். எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுவேன் என்கிற தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

வாசலில் நின்ற கார் என்னுடையதில்லை. பாரிசில் வேலை பார்க்கும் என் மச்சான், ஊருக்கு வரும்போது ஓட்டலாம் என்று வாங்கி என் பொறுப்பில் விட்டிருந்தார். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட் கார். அவர் ஓட்டுவது வருடத்தில் ஒரு மாதம். மீதி நாளெல்லாம், சும்மா நின்றால் வண்டி கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டு நான் ஓட்டுவேன். அந்த அக்கறையில் ஒன்றரை வருடத்திலேயே நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிவிடுங்கள் என்று அவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னை வரை கொண்டுபோகச் சோம்பல். ஒருநாள் போனில் "அதெல்லாம் மாத்தியாச்சு மச்சான்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். இப்போது மறுநாள் விடியற்காலை அவர் மனைவி பிள்ளைகளோடு சென்னையில் இறங்குகிறார். அதே காரில்தான் அவர்களை அழைத்து வர வேண்டும். சொன்ன பொய்யை உண்மையாக்க எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

சரியான ரக ஆயிலை வாங்கி வைத்திருந்தேன். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். "அந்த ஆரஞ்சு கலர் ஒயர மட்டும் தொட்டுடாதீங்க, அண்ணன் சொல்லியிருக்காரு" என்று என் மனைவி உள்ளேயிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். ஹைப்ரிட் காரில் அதில்தான் பெரிய கரண்ட் ஓடும். எனக்குத் தெரியாததா என்று முறைத்துவிட்டு, கை துடைக்க ஒரு பழைய பனியனைக் கிழித்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் மாடியில் குடியிருந்தவர் ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை. நாற்பது வயது இருக்கும். அன்று அவருக்கு லீவு. மாடிப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எண்ணி வச்சுக்குங்க சார்" என்றார்.

"இது ஆஸ்பத்திரி இல்ல சிஸ்டர், காரு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

பழைய ஆயிலை வடித்து, அளந்து, கீழே இருந்த போல்ட்டை முறுக்கினேன். புது ஆயில் ஊற்றும் துளை மேலே, குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. பாரிசிலிருந்து மச்சான். விமான நிலையத்துக்குக் கிளம்புகிறாராம். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பக்காவா இருக்கு" என்றேன். வண்டியோ நாலு ஸ்டாண்டில் அந்தரத்தில் நின்றது. அவர் "மெர்சி மாப்ள" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பதற்றத்தோடு திரும்பி வந்து, புனலில் மாட்டிய குழாயைத் துளைக்குள் தடவிச் செருகி, வடிந்த அளவுக்குப் புது ஆயிலை ஊற்றினேன். மூடினேன். காரை இறக்கிவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சாவியை எடுத்தேன்.

"சார், ஆறு துண்டு கிழிச்சீங்க. அஞ்சு தான் கெடக்குது."

படியில் இருந்தபடியே சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. "காத்துல பறந்திருக்கும், விடுங்க" என்றேன்.

"பறந்திருந்தா தெருவுல கெடக்கும். பாத்துட்டு வந்துடுங்களேன்."

தெருவில் இல்லை. காருக்கு அடியில் இல்லை. டூல் பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தாயிற்று. போதும் என்று கார்க் கதவைத் திறந்தேன். அவர் இறங்கி வந்து என் எதிரே கையை நீட்டினார். "சாவிய குடுங்க சார்." குரல் உயரவே இல்லை. ஆனால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

"போன் வந்தப்போ கையில என்ன வச்சிருந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. திறந்த துளைக்குள் தூசி விழக்கூடாது என்று, ஒரு துண்டைச் சுருட்டி அதில் அடைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். திரும்பி வந்து, அதன் மேலேயே குழாயைச் செருகியிருக்கிறேன். துணி உள்ளே போய்விட்டது. அந்தக் கியர்பாக்ஸுக்குள் ஒரு இரும்புப் பட்டை சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் வரும்போது நடுவழியில் சிக்கிக்கொண்டிருந்தால்?

துளையின் மூடியைத் திரும்பக் கழற்றினேன். அவர் என் மனைவியிடம், "அக்கா, உங்க குரோஷா ஊசிய எடுத்துட்டு வாங்க, நீளமானது" என்றார். டார்ச்சை என்னைப் பிடிக்கச் சொன்னார். இன்ஜினீயர் டார்ச் பிடிக்க, நர்ஸ் குனிந்து, லேஸ் பின்னுகிற ஊசியைத் துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் துழாவினார். அவசரமே இல்லை. கொக்கியில் ஏதோ சிக்கியதும் நூல் நூலாக இழுத்தார். ஆயில் சொட்டச் சொட்ட முழுத் துண்டும் வெளியே வந்தது. ஓரம் கிழியவில்லை என்று விரித்துப் பார்த்துவிட்டு, மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்தார். ஒன்றிலிருந்து ஆறு வரை வாய்விட்டு எண்ணினார். பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது.

பாராட்டத் தெரியாமல், "ஆபரேஷன்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ரத்தம் ஒத்த உள்ள வைக்கிற துணிக் கணக்கு சரியா வரலனா தையல் போட விட மாட்டோம். டாக்டர் கத்துவாரு. முக்காவாசி நேரம் தரையில எங்கனா தான் கெடக்கும், திட்டு நமக்குத்தான்."

"திட்டு வாங்கணும்னு தெரிஞ்சுமா சொல்லுவீங்க?"

"துணி நெஜமாவே உள்ள இருக்கப்போற நாளு எதுன்னு முன்னாடியே தெரியாதே சார்" என்று சொல்லிவிட்டுப் பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சென்னையிலிருந்து திரும்பும் வழியில் மச்சானிடம் பொய் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர், எனக்கென்று வாங்கி வந்த சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனார். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இத்தனை வருடத்தில் எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்து மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணப் போகும்போது யாராவது தயங்கித் தயங்கி "ஒண்ணு குறையுது சார்" என்றால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது; ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.